மன்னித்தவன் நஷ்டஈடு கேட்கலாமா?

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் புறப்படுவது வழக்கம். கச்சிராயபாளையம் தாண்டி, அடிவாரத்துக் கோமுகி அணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து மேலே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று கண்ணுக்கும் மனதுக்கும் குளிர்ச்சியான இடங்கள் வரும். பிள்ளைகளோ அருவியைவிடப் படகைத்தான் முதலில் கேட்பார்கள். வருஷமெல்லாம் கரும்புக் கொல்லையிலும் மரவள்ளித் தோட்டத்திலும் உழைத்து அலுத்த உடம்புக்கு இது நியாயமான சந்தோஷம். இதில் குற்றம் காண்பார் இல்லை.

ஆனால் அந்தச் சந்தோஷத்தின் நடுவே ஓர் ஆபத்து நேர்ந்து, குடும்பத்தில் ஒருவர் ஊனப்பட்டால், அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்தவன் என்ன செய்யவேண்டும்? கோர்ட்டுக்குப் போகலாமா? பொறுத்துக்கொண்டு வீட்டிலிருப்பதுதான் புண்ணியமா? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒரு தகப்பனுக்கு வந்த மூன்று யோசனைகள்

உவமைக்காக ஒரு தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டுக்குப் போகும் கூலிக்காரர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. எங்கேயோ ஓர் ஏரிக்குக் குடும்பத்தோடு போகிறார். டிக்கெட் வாங்கிப் படகில் ஏறுகிறார். எட்டுப் பேர் ஏறவேண்டிய படகில் பன்னிரண்டு பேரை ஏற்றுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பாதிக்கு வார் அறுந்திருக்கிறது. நம் தகப்பனுக்கு நல்லது ஒன்று கிடைத்தும், புழுக்கம் தாங்காமல் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். திரும்பும்போது படகு ஒருபக்கம் சாய்ந்து, கரைக்கல்லில் மோதிக் கவிழ்கிறது. தண்ணீர் ஆழமில்லாததால் எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் அவருடைய வலது தோள் நொறுங்கிப்போயிற்று. அரிவாள் பிடித்த கை இனி பழையபடி உயராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவருக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்கின்றன.

முதலாவது யோசனை மனைவியுடையது. “உசிரைக் கடவுள் காப்பாத்தினாரே, அது போதாதாங்க? நமக்கு எதுக்குக் கோர்ட்டும் கச்சேரியும்? அந்தக் குத்தகைக்காரர் ஆள் குடுக்கிற ஐயாயிரத்தை வாங்கிக்கிட்டு, கேட்ட எடத்துல கையெழுத்துப் போட்டுடுங்க.”

இரண்டாவது மைத்துனனுடையது. “விடாதீங்க மாமா! தோள் மட்டும் இல்ல, முதுகெலும்பும் போயிடுச்சின்னு சொல்லுங்க. ஜாக்கெட்டே குடுக்கலன்னு எழுதிக் குடுங்க. பத்து லட்சம் கேளுங்க. கம்பெனிப் பணந்தானே, யார் வீட்டுக் காசு?”

மூன்றாவதாக வந்தவன் படகோட்டி. இருபது வயது மலைப்பையன். கட்டிலருகே நின்று அழுகிறான். “அண்ணே, போலீஸ்ல என் பேரைச் சொல்லிடாதீங்க. மொதலாளிதான் பன்னெண்டு பேரை ஏத்தச் சொன்னாரு. என் பொழப்பு போயிடும்.”

இந்த மூவரில் எவர் சொல்வதைத் தகப்பன் கேட்பது? நீங்களானால் எதைக் கேட்பீர்கள்?

மன்னிப்பு ஒன்று, ஈடு வேறொன்று

முதலில் மனைவியின் யோசனையை எடுத்துக்கொள்வோம். அது பக்தியிலிருந்து பிறந்த பேச்சு. ஆகையால் மரியாதையோடு பார்க்கவேண்டும். நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கவேண்டும் என்பது சேசுநாதரின் கட்டளை. சட்டையைக் கேட்டு வழக்காடுகிறவனுக்கு மேலாடையையும் விட்டுவிடும்படி அவர் போதித்ததும் உண்மை. அப்படியிருக்க நஷ்டஈடு கேட்பது எப்படிப் பொருந்தும்?

இங்கே நன்றாகக் கவனியுங்கள். மன்னிப்பது என்பது என் இருதயத்திலுள்ள பகையை நான் எடுத்தெறிவது. ஈடு செய்வது என்பது தீங்கு செய்தவன் தன் கடனைத் தீர்ப்பது. முன்னது சிநேகத்தின் வேலை. பின்னது நீதியின் வேலை. ஒன்று நடந்ததால் மற்றொன்று வேண்டாததாகிவிடாது. பாவசங்கீர்த்தனத்தில் நமக்கே இதுதான் விதி. களவு செய்தவன் மனஸ்தாபப்பட்டு அறிக்கையிட்டால் பாவம் நீங்கும்; ஆனால் களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்காது. ஆயக்காரனாகிய சக்கேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகச் சொன்னபோது, ஆண்டவர் அதை வேண்டாமென்று தடுக்கவில்லை. அன்றே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக அறிவித்தார்.

நம் காலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டு மே 13-ந் தேதி உரோமையில் சுடப்பட்டார். ஆஸ்பத்திரியிலிருந்தபடியே, சில நாட்களுக்குள், சுட்டவனை மன்னித்துவிட்டதாக உலகறியச் சொன்னார். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் சிறைக்கே போய் அவனோடு அமர்ந்து பேசினார். ஆயினும் இத்தாலியக் கோர்ட்டு அவனை விசாரித்துத் தண்டித்தது. 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜனாதிபதி மன்னிப்பு அளிக்கும்வரை அவன் அங்கே சிறையில்தான் இருந்தான். பாப்பரசரின் மன்னிப்பு நீதியை நிறுத்தவில்லை. நீதி அவருடைய மன்னிப்பைப் பொய்யாக்கவுமில்லை.

இன்னொன்றும் உண்டு. என் சட்டையை நான் விட்டுக்கொடுக்கலாம், அது என்னுடையது. என் வலியை நான் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கலாம், அதுவும் என்னுடையது. ஆனால் அந்தத் தகப்பனின் வலது கை அவருக்கு மாத்திரம் சொந்தமா? மனைவியின் சோறும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகமும் அந்தக் கையிலல்லவா இருந்தன? தன்னுடையதை விட்டுக்கொடுப்பது தர்மம். பிள்ளைகளுக்குரியதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பொறுமைசாலி என்று பேர் வாங்குவது எந்த வகையிலும் தர்மமாகாது.

அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தாரைக் கோர்ட்டு வழக்குகளுக்காகக் கண்டித்தாரே என்று சிலர் கேட்கக்கூடும். மெய்தான். சகோதரரும் சகோதரரும் அற்பக் காரியங்களுக்காகச் சபைக்கு வெளியே போய்ச் சண்டையிட்டதையும், ஒருவரையொருவர் வஞ்சித்ததையும் அவர் கண்டித்தார். வரப்புத் தகராறுக்கும் பந்தியில் நடந்த அவமரியாதைக்கும் கோர்ட்டு ஏறுகிறவர்கள் அந்தக் கண்டனத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அதே சின்னப்பர், தம்மேல் அநியாயம் வரவிருந்தபோது, உரோமைக் குடிமகன் என்ற உரிமையோடு இராயனிடம் அப்பீல் செய்தார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம்.

கைக்கு விலை உண்டா?

“பணம் வாங்கினால் கையை விற்றதாகாதா?” என்று கூசுகிறவர்களும் உண்டு. அந்தக் கூச்சம் நல்ல மனதின் அடையாளமே. ஆனால் இது விற்பனை அல்ல. பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் மற்றொருவனை அடித்துப் படுக்கையில் தள்ளினால், அவன் வேலை செய்யாதிருந்த நாட்களுக்கும் வைத்தியத்துக்கும் அடித்தவன் ஈடு செய்யவேண்டும் என்று அங்கே விதித்திருக்கிறது. இன்றைக்குக் கோர்ட்டில் கேட்கும் கூலி நஷ்டமும் வைத்தியச் செலவும் அன்றே சொல்லப்பட்டவைதாம். உபாகமம் 22-ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கக் கடமைப்பட்டவன் என்கிறது. வைக்காமல் ஒருவன் விழுந்தால் அந்தப் பழி வீட்டுக்காரனைச் சேரும். அன்று மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எப்படியோ, இன்று படகுக்கு லைஃப் ஜாக்கெட் அப்படி.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், ஈடு செய்தல் நீதியின் பாற்பட்டது என்று விளக்குகிறார். வெட்டுண்ட அவயவத்தைப்போல் அப்படியே திருப்ப முடியாததாயிருந்தால், நேர்மையான ஒருவர் தீர்மானிக்கும்படி, இயன்ற அளவு பணத்தாலோ மரியாதையாலோ ஈடு செய்யவேண்டும் என்பது அவருடைய கருத்து. கையைத் திருப்பித் தர முடியாது என்பதற்காக ஒன்றுமே தரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நேர்மையான ஒருவரின் தீர்மானத்தைத் தேடித்தான் நாம் கோர்ட்டுக்குப் போகிறோம்.

கேட்பது பிச்சையுமல்ல. நம் மலையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. கல்வராயன் மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் கீழ் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்தார்கள். 1976-ஆம் ஆண்டில்தான் மலை நேரடியாக அரசாங்கத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்து விசாரித்தது. ஏழையின் குரல் கோர்ட்டில் ஏறுவது கேவலம் என்று நீதிபதிகளே எண்ணாதபோது, நாம் ஏன் எண்ணவேண்டும்?

மௌனத்தால் வரும் சேதம்

மனைவியின் யோசனையில் இன்னொரு குறையும் இருக்கிறது. தகப்பன் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு மௌனமானால், வார் அறுந்த அந்த ஜாக்கெட்டுகள் அப்படியே இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை யாருடைய பிள்ளை மாட்டிக்கொள்ளும்?

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில், கேரளச் சுற்றுலாக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்றே, பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகேறிய குடும்பங்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஜலசமாதியானார்கள். 2023-ஆம் ஆண்டு மே 7-ந் தேதி மலப்புறம் ஜில்லா தானூரில், இருட்டின பிறகும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி வடோதராவின் ஹர்ணி ஏரியில், பள்ளிக்கூட உல்லாசப் பயணம் வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள்.

இப்படிப்பட்ட பெருஞ்சாவுகளுக்கு முன்னே சிறு விபத்துகள் நேர்வதுண்டு. அப்போதே ஒருவர் தைரியமாக எழுந்து பதில் கேட்டால், பின்னால் வருகிற பெரிய துக்கம் தடுக்கப்படலாம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய, அபாயமான படகில் கூலிக்கு ஜனங்களை ஏற்றிப்போவது குற்றமென்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே சொல்லிற்று. இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவும் அதையே சொல்லுகிறது. சட்டம் இருந்தும் கேட்பார் இல்லையென்றால் அது ஏட்டோடு நின்றுவிடும். ஆகையால் நியாயமாக வழக்காடுவதும் ஒரு பிறர்சிநேகச் செயலாகக்கூடும்.

பொய்யும் களவுதான்

இனி மைத்துனனின் யோசனைக்கு வருவோம். “கம்பெனிப் பணந்தானே” என்ற சொல் நம்மிடையே வெகு சாதாரணமாய்ப் புழங்குகிறது. ஆனால் போகாத முதுகெலும்புக்குப் பணம் வாங்குகிறவன் களவு செய்கிறான். அதற்காகக் கையெழுத்திடுகிறவன் பொய்ச்சாட்சி சொல்லுகிறான். ஏழாம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாசலில் நின்றுவிடுவதில்லை. நியாயமான ஈட்டுக்கு மேல் பொய்யால் வாங்கிய ஒவ்வொரு ரூபாயையும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. தவிர, ஒருவன் பொய் அம்பலமானால், அடுத்து உண்மையாக அடிபட்டு வருகிறவனையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்த வகையில் பொய்வழக்குப் போடுகிறவன் ஏழையின் உரிமையையும் களவாடுகிறான்.

நம் தகப்பனுக்கு இங்கேதான் சோதனை. ஜாக்கெட் கொடுத்தார்கள், கழற்றியது அவர். இதை மறைக்கலாமா? கூடாது. ஆனால் சொன்னதினாலே வழக்கு அழிந்துபோகும் என்று பயப்படவும் வேண்டாம். இரு தரப்பிலும் கவனக்குறைவு இருந்தால், அவரவர் பங்கைக் கணக்கிட்டு ஈட்டுத் தொகையைக் குறைப்பது நம் கோர்ட்டுகளின் வழக்கம். பன்னிரண்டு பேரை ஏற்றியவனுடைய குற்றம் அதனால் மறைந்துவிடாது. ‘சொந்தப் பொறுப்பில் பயணம் செய்யவும்’ என்று ஒரு பலகை மாட்டிவிட்டதாலேயே படகுக்காரரின் கடமை தீர்ந்துபோவதுமில்லை.

படகோட்டிப் பையன்

மிகக் கடினமான கேள்வி அந்தப் பையனைப் பற்றியது. அவனும் ஏழை, நம் தகப்பனைப்போல் தினக்கூலி. அவனுக்காகப் பொய் சொல்வது இரக்கமாகாதா?

பொய் சொல்லவேண்டாம்; ஆனால் முழு உண்மையையும் சொல்லவேண்டும். பையன் ஓட்டினான் என்பது பாதி உண்மை. பன்னிரண்டு பேரை ஏற்றும்படி அவனுக்கு உத்தரவிட்டவர் இருக்கிறார் என்பது மறுபாதி. முதற்பாதியை மாத்திரம் சொன்னால் பழி முழுவதும் ஏழையின் தலையில் விடியும். குத்தகைக்காரர் வேறொரு பையனை வைத்துக்கொண்டு தொழிலை நடத்துவார். இரண்டையும் சொன்னால் பழி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். வேலைக்காரன் எஜமானின் வேலையில் இருக்கும்போது செய்த பிழைக்கு எஜமான் ஈடு சொல்லவேண்டும் என்பதே சட்டம். ஆகையால் நஷ்டஈட்டை எஜமானிடமும் இன்ஷூரன்ஸிடமும் கேட்டால் போதும். பையனின் கூலியில் கைவைக்க வேண்டியதில்லை. அவனைக் கட்டிலருகே உட்கார வைத்து, “தம்பி, நான் உன்மேல வருத்தம் வச்சிக்கல, ஆனா நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். நீயும் சொல்லு” என்று சொல்லும் தகப்பன் மன்னிப்பையும் நீதியையும் சேர்த்தே நடத்துகிறார். மன்னிக்கவேண்டிய இடத்தில் மன்னிப்பு, கேட்கவேண்டிய இடத்தில் கேள்வி, இதுதான் நான்காவது யோசனை.

செய்யவேண்டியது என்ன?

நல்ல எண்ணம் மாத்திரம் போதாது, வழியும் தெரியவேண்டும். ஆகையால் சில காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஆஸ்பத்திரியில் சேரும்போதே நடந்தது படகு விபத்து என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். போலீஸில் எழுத்தாகப் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். படகு டிக்கெட், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, கூடப் பயணித்தவர்களின் விலாசம், படகையும் ஜாக்கெட்டையும் எடுத்த படம், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். படித்துப் புரியாத காகிதத்தில், அதுவும் வெள்ளைத் தாளில், கையெழுத்தோ கைரேகையோ வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, காசு கொடுத்துப் படகேறியவர் நுகர்வோர் ஆகிறார். சேவையில் குறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தாம் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். விபத்து நடந்த ஊருக்கு அலையவேண்டாம். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் இடமுண்டு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. படகு டிக்கெட்டோ சில நூறு ரூபாய்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். படகு நடத்துவது அரசாங்க அமைப்பாயிருந்தாலும் பயப்படவேண்டாம்; கட்டணம் வாங்கிச் சேவை செய்யும் அரசு அமைப்புகளும் பதில் சொல்லவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்றாவது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஊனமுற்றவர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அரசாங்கமே இலவசமாக வக்கீலை அமர்த்திக் கொடுக்கும். மலைமேலுள்ள நம் பழங்குடிச் சகோதரர்கள் வருமானச் சான்று காட்டவேண்டியதும் இல்லை. கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரு தரப்பும் ஒத்துவந்தால் லோக் அதாலத்தில் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். அங்கே ஏற்படும் தீர்வுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு. ஆனால் அதன்மேல் அப்பீல் இல்லையாதலால், யோசித்தே சம்மதிக்கவேண்டும்.

நான்காவது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “கேஸை எங்கிட்ட விடுங்க, வர்றதுல பாதிப் பங்கு” என்று பேரம் பேசும் தரகர்களை அண்டவிடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வது வக்கீல்களுக்கே அவர்களுடைய தொழில் விதிகளால் தடுக்கப்பட்டிருக்கிறது.

படகு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

நம் குடும்பங்களில் படகு நடத்துகிறவரோ, வேன் ஓட்டுகிறவரோ, ஆள் வைத்து வேலை வாங்குகிறவரோ இருக்கக்கூடும். உங்களால் ஒருவர் ஊனப்பட்டால், அவர் கோர்ட்டுக்கு வரும்வரை காத்திராதேயுங்கள். சக்கேயு யாரும் வழக்குப் போட்டதனால் எழுந்து நிற்கவில்லை. ஐந்தாயிரத்தை நீட்டி ஐந்து லட்சக் கடனைத் தீர்த்துக்கொள்வது சாமர்த்தியமல்ல. அந்தக் கடன் காகிதத்தில் அழிந்தாலும் மனச்சாட்சியில் நிற்கும். அதைவிட, வார் அறுந்த ஜாக்கெட்டை இன்றைக்கே தைத்துவிடுவது மலிவு.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த முறை படகேறும்போது ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்கும் மாட்டி, நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். ஆள் அதிகமானால் இறங்கிவிடுங்கள். இறங்கினவரைப் பயங்கொள்ளி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அதையும் மீறி ஆபத்து நேர்ந்தால், இருதயத்தில் பகையில்லாமலும் நாவில் பொய்யில்லாமலும் உங்களுக்குரியதைக் கேளுங்கள். நம் பங்கில் இப்படி அடிபட்டுக் கிடக்கிறவர் யாராவது இருந்தால், ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதேயுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவரோடு கோர்ட்டு வாசல்வரை போய்வாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டுபோன சமாரியன், சத்திரக்காரனிடம் அவன் வைத்தியச் செலவுக்கும் வழிசெய்துவிட்டுத்தான் புறப்பட்டான் என்பதை மறவாதிருப்போமாக.